சாம்பிராணியும் கேஸ் டப்பாவும்

அக்டோபர் 14, செவ்வாய்

துவாக்குடி காலேஜிலிருந்து மலையேறப் போகும் பையன்கள் மறுபடி ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார்கள். கூடாரத்தில் சமைக்கிற சின்ன கேஸ் டப்பாக்கள். "காலிதான்க்கா." ஒன்றை எடுத்துக் குலுக்கினேன், உள்ளே சளசளவென்றது. காலியாம்! அரியமங்கலத்தில் வேறெந்தக் காயலான் கடையும் இவற்றைத் தொடாது. நான் தொடுவேன். இந்தக் கடையில் நானாக ஆரம்பித்த வேலை இது ஒன்றுதான்.

அக்டோபர் 15

வெட்டவெளியில் அதற்கான சின்ன அடுப்பில் மாட்டி, சுடர் தானாக அணையும்வரை எரிக்க வேண்டும். ஆறிய பிறகு, நெருப்பே இல்லாத இடத்தில் வைத்து ஓட்டை போட வேண்டும். அப்புறம்தான் அது வெறும் இரும்பு. வசீம் மச்சானிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் ஹாலித் வேலைக்காக சவூதி, தம்மாம் போனதிலிருந்து கடைக்கு அவருடைய அண்ணன் இவர்தானே பெரியவர். "சரிம்மா, சரிம்மா" என்பார்.

அக்டோபர் 16, வியாழன்

மழை என்று மச்சான் டப்பாக்களை எரிக்காமலே ஷெட்டுக்குள் வைத்து ஓட்டை போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு, வியாழக்கிழமை வழக்கப்படி சாம்பிராணிச் சட்டியோடு ஷெட்டில் மூலை மூலையாகக் காட்டிக்கொண்டு போனேன். குனிந்தேன் — தரையில் தேங்கியிருந்த கேஸ் பற்றி, நீலமாக ஓடியது நெருப்பு. புருவம் போச்சு, முன்முடி போச்சு. கண்ணு தப்பிச்சுது, அல்ஹம்துலில்லாஹ்.

அக்டோபர் 17

மச்சானின் தீர்ப்பு: "இனிமே டப்பா வேணாம். நீயும் கொஞ்ச நாள் வீட்லயே இரும்மா."

ஓட்டை போட்டது யாரு? வீட்ல இருக்க வேண்டியது நானா?

அக்டோபர் 18

ஹாலித் போனில்: "அண்ணன் சொல்றதைத்தான் கேளேன்."

கேட்க மாட்டேன். "நாம வாங்கலேன்னா அந்தப் பசங்க குப்பையில போடுவாங்க. குப்பை லாரியில போட்டு அமுக்கறப்ப யாரு புருவம் போகும்?" என்றேன்.

அக்டோபர் 20

தீபாவளி. ஊரே வெடிக்கிறது. இன்று டப்பாவைத் தொடவில்லை. பிடிவாதம் வேறு, பைத்தியம் வேறு.

அக்டோபர் 22

புருவத்துக்கு மை தீட்டாமலே போய்க் கடையைத் திறந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வேலியோரம் அடுப்பை வைத்து ஒவ்வொன்றாக எரித்தேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். போகட்டும்.

நவம்பர் 13, வியாழன்

சாம்பிராணிச் சட்டியோடு கடை வாசல் கேட்டுக்கு வந்தேன். வேலியோரம் மச்சான் குத்தவைத்து உட்கார்ந்து, எரிந்து ஆறிய டப்பாக்களுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"நெருப்போட உள்ள வராதே. இன்னும் ரெண்டு இருக்கு."

நான் நூறு தடவை சொன்ன அதே பாடம். எனக்கே சொல்கிறார்.

சட்டி கையைச் சுட்டது. நகரவில்லை. அவர் முடிக்கும்வரை தெருவுக்கே சாம்பிராணி காட்டிக்கொண்டு நின்றேன்.