சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் பெயர்

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லையில் டவர் கிடைக்காது என்பதால் எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

தென்காசியில் நான் பிடித்திருக்கும் இந்த வாடகை வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு பெர்சிஸ் அக்கா காலையில் சத்தமாகச் செய்யும் ஜெபம், அட்டை மாதிரியான சுவரைத் தாண்டி என் அடுப்படிக்குள் வந்துவிடும். எரிச்சலில் மிக்ஸியை ஓடவிடுவேன்.

நேற்று கரண்ட் இல்லை. "ஆண்டவரே, எல்லையில நிக்குத..." என்று தொடங்கி உங்கள் பெயரைச் சொன்னார். "பத்திரமா கொண்டு வாரும். சொவத்துக்கு அங்கன தெனமும் அழுவுத பிள்ளைக்கு எரங்கும்."

உங்கள் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை, தனியே அழும்போது உங்களோடு பேசுகிற மாதிரி புலம்புவதைத் தவிர.

இன்று மிக்ஸியைப் போடவில்லை. அவர் உங்கள் பெயருக்கு வந்ததும் நானும் கூடவே சொன்னேன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி