பழுப்புக் குப்பிகள்

4 ஆக., திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஆய்வக ஏசி மறுபடியும் பழுது.

வெள்ளியன்று நான் விடுப்பு. அன்று, நரம்பில் ஏற்றவேண்டிய தங்க நானோ துகள் கரைசலை வடிகட்டிக் கிருமி நீக்காமல், ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் வேகவைத்திருக்கிறார்கள். ஒயின் சிவப்பாக இருந்தது இப்போது கத்தரிப்பூ நிறம். துகள்கள் ஒட்டித் திரண்டுவிட்டன. நுரையீரலில் போய் அடைக்கும்.

ஆட்டோகிளேவைக் கவனிக்கும் செல்வியிடம் கேட்டேன்.

“நான் சொன்னேன் சார், ஃபில்டர் வர்றவரைக்கும் இருப்போம்னு. முதலாளிதான், ‘கொதிச்சாதாம்மா கிருமி சாவும், உங்க வூட்ல பால் காய்ச்ச மாட்டியா’ன்னாரு.”

பால்.

புதிதாகத் தயாரிக்க ஒரு வாரம் கேட்டேன். முதலாளி மறுத்துவிட்டார்.

18 ஆக., திங்கள்
மழை. குடை எடுத்துச் செல்லவில்லை. பதினான்கு நாள் சோதனை முடிவு: கிருமி ஏதும் வளரவில்லை. முதலாளிக்குப் பரவசம். புதுச்சேரி வழக்கப்படி என்னை ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார்.

“என்ன முசே, கிருமி செத்துச்சா இல்லையா?”

“செத்தது. மருந்தும் செத்தது.”

“கவிதையெல்லாம் வேணாம், சான்றிதழ்ல கையெழுத்து போடுங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில மூணு பேருக்கு ஊசி.”

போட்டேன். ‘கிருமி இல்லை.’ அது உண்மை. குறிப்புக் கட்டத்தில்: ‘துகள்கள் திரண்டுள்ளன. மனிதருக்குச் செலுத்தக் கூடாது.’

வாங்க: பிரஷர் மாத்திரை, குடை.

20 ஆக., புதன்
கரைசல் முழுவதும் பழுப்புக் குப்பிகளுக்கு மாறியிருக்கிறது. நிறம் தெரியாது. செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வெளிச்சம் படக் கூடாதாம் சார்.”

சான்றிதழைப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். என் கையெழுத்து இருக்கிறது. குறிப்புக் கட்டம் இல்லை.

இருபத்தாறு ஆண்டுகளாக நான் காப்பாற்றி வந்த கையெழுத்து.

ஒரு குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செல்வி பார்த்தாள். “லிஸ்ட்ல ஒண்ணு கம்மியா எழுதிக்கிறேன் சார்” என்றாள்.

21 ஆக., வியாழன்
சேதராப்பட்டு ஆய்வகத்துக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரி. குப்பிகள் வைத்த பெட்டி எனக்கு முன்பே வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் மூவர். ஒரு பெண்மணி மடியில் டிபன் கேரியர், திறக்காமல்.

டாக்டர் அம்மா சான்றிதழை நீட்டினார். “நீங்கதானே சார் கையெழுத்து போட்டிருக்கீங்க?”

“நான்தான்.”

அவர் மேசையிலிருந்த கண்ணாடி டம்ளரில் குப்பியைக் கவிழ்த்தேன். கத்தரிப்பூ.

“செவப்பா இருக்கணும்னு நீங்கதானே எழுதி அனுப்பினீங்க?”

“ஆம்.”

என் கைபேசி அடித்தது. முதலாளி. எடுக்கவில்லை. மீண்டும் அடித்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “மூணு பேரும் சாப்பிடாம காத்துனு இருக்காங்க டாக்டர். ஆரம்பிக்கலாமா?”

டாக்டர் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சாப்பிடச் சொல்லு.”