ஆழப் பக்கத்துக் காவல்

8.4.96, திங்கள்
காலையிலேயே வெயில். விடுதிக் குழாயில் தண்ணீர் இல்லை. பல்கலைக்கழக நீச்சல்குளத்தில் நிறைய இருக்கிறது. புதிதாகக் கட்டியது. கட்டியதை யாராவது பயன்படுத்த வேண்டுமே. எனவே து.வே. (துணைவேந்தர்) ஆணை: குளத்தைக் குறுக்கே நீந்திக் கடக்காதவர்களுக்குப் பட்டச் சான்றிதழ் கிடையாது. தேர்வு வெள்ளியன்று.

வால்பாறை எஸ்டேட்டில் உதவி மேலாளர் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதம் சான்றிதழோடு வரச் சொல்கிறார்கள். மலை மேல் தேயிலை பார்க்க நீச்சல் எதற்கு என்று கேட்க ஆளில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை: செருப்பு வார் தைக்க. ஆய்வேடு பைண்டிங். நீச்சல் கற்க.

9.4, செவ்வாய்
நூலகத்தில் நீச்சல் பற்றி ஒரு புத்தகம். முழுவதும் படித்தேன். கோட்பாட்டளவில் இப்போது நான் மோசமில்லை. கட்டிலில் குப்புறப் படுத்துக் கால் உதைத்துப் பார்த்தேன். அறைத்தோழன் செந்தில் பார்த்துவிட்டான். "வயித்து வலியாடா?" ஆமாம் என்றேன். ஓமத் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன்.

மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவுக்கு ஃபோன். "அதொரு பரிச்சையா கண்ணு? நம்மூட்டுல நீந்தத் தெரியாதவன் ஆரு இருக்கறா?" என் பெயரைச் சொல்லவில்லை.

சூலூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். கிணறு உண்டு, ஆழமானது. எனக்கு நினைவு தெரிந்து அதில் முட்டிக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை. பிறகு அப்பா போர்வெல் போட்டார். அதில் நீந்திப் பழக ஆறரை அங்குலத்துக்குள் உடம்பு அடங்க வேண்டும்.

11.4, வியாழன்
புழுக்கம். செருப்பு தைத்தாயிற்று.

உடற்கல்வி ஆசிரியர் நாச்சிமுத்து சார் எல்லோரையும் குளத்தருகே கூட்டினார். "தோட்டத்துப் பசங்க யாரு? கையத் தூக்குங்க." இன்னும் சிலரோடு நானும் தூக்கினேன். பொய்யில்லை, தோட்டம் இருக்கிறது. "கெணத்துல குதிச்சு வளந்தவங்களுக்கு எதுக்குங்க பரிச்சை? பாஸ் போட்டுட்டேன்."

ஒரு சொல்லும் பேசாமல் தேறிவிட்டேன். நிம்மதி சுமார் ஒரு மூச்சு நேரம்.

"அதுக்குப் பதிலா நாளைக்கு ஆழப் பக்கம் நில்லுங்க. டவுன் பசங்க முழுகுனா இழுத்துப்போடுங்க."

காவல் நிற்க ஆளுக்கொரு மஞ்சள் பனியன். எனக்கு அளவாக இருக்கிறது. இரவு சாப்பாடு இறங்கவில்லை. விடுதி சாம்பாரும் காரணமாக இருக்கலாம்.

12.4, வெள்ளி
அலுப்பு. எழுதிவிட்டுத் தூங்க வேண்டும்.

ஆழப் பக்கம் மஞ்சள் பனியனில் நான். சிங்காநல்லூர் ஸ்டீபன் முறை வந்தது. இளங்கலை கடைசி ஆண்டு. விளிம்பில் நின்று என்னைப் பார்த்தான். "ஒரு வாரமாத்தான் பழகறேனுங்ணா. நீங்க நிக்கறீங்கன்னுதான் குதிக்கறேன்."

அநேகமாகக் கடந்துவிடுவான் என்று நினைத்தேன். அந்த 'அநேகமாக'தான் உறுத்தியது. அவன் சிலுவைக் குறி போட்டுக் கையை நீட்டினான்.

"குதிக்காதே!"

எல்லோரும் திரும்பினார்கள். "சார், எனக்கு நீந்தத் தெரியாதுங்க."

சிரிப்பு. பெண்கள் பக்கமிருந்து கொஞ்சம் நீளமாக.

"ஏனுங்க தம்பி, வெளையாடறீங்களா? உங்க தோட்டத்துல கெணறு இல்லீங்களா?"

"கெணறு இருக்குதுங்க சார். தண்ணிதானுங்க இல்ல."

சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்ற பல்லடத்துக்காரன் பனியனைக் கழற்றத் தொடங்கினான். "எங்கூர்லயும் அப்படித்தானுங்க சார்." அப்புறம் அவிநாசிக்காரன். அப்புறம் இன்னொருவன். கடைசியில் ஆழப் பக்கம் மஞ்சளாக நின்றவன் ஒருவன்தான். அவன் ஆனைமலைக்காரன். அங்கே ஆறு ஓடுகிறது.

சார் எங்களைத் திட்டவில்லை. வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்றார். ஸ்டீபன் குதித்தான். பாதியில் தண்ணீர் குடித்தான், இருமினான், கடந்துவிட்டான். கரையேறியவன் என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்குப் போட்ட பாஸ் கோடு போட்டு அடிக்கப்பட்டது. மறுதேர்வு ஜூனில்.

15.4, திங்கள்
மேகமூட்டம். மழை வராது. ஜூலை வரை பொறுக்கச் சொல்லி எஸ்டேட்டுக்குக் கடிதம் போட்டேன். பொறுப்பார்களா தெரியாது.

காலை ஆறு மணி, ஆழமில்லாத பக்கம். மஞ்சள் பனியன் கழற்றியவர்கள் வரிசையாக. தேறியவர்கள் கற்றுத்தர வேண்டும் என்று சார் ஏற்பாடு. எனக்கு வாய்த்தவன் ஸ்டீபன். என் தாடைக்கடியில் அவன் கை. நான் தண்ணீரில் குப்புற. நீச்சல் தெரியாமல் போனதற்கான காரணங்களை அவனுக்கு விளக்கத் தொடங்கினேன்: மழையளவு, நிலத்தடி நீர், பாறை வகை.

"வாய மூடுங்ணா. தண்ணி போகுது."