வலது பின்சக்கரத்துக்கு மேலே

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திருநகர் வீட்டில் உன் சிவப்பு வண்டியின் உறையை இழுத்தேன். மெழுகுப் பாலிஷும் வெயிலில் காய்ந்த கான்வாஸும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. நீ பக்கத்தில் நின்று, "மச்சான், மோதிரத்தக் கழட்டிட்டுத் தொடுங்க" என்று சொல்லப்போகிறாய் என்றே கையை இழுத்துக்கொண்டேன்.

நீ போனபிறகு பூட்டிக் கிடந்த வீட்டை உன் மகள் இந்த மாதம் காலி செய்கிறாள். கூரை மடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அன்று சாயங்காலம் பார்க்க வருவதாக இருந்தார். அவருக்கு ஒரே நிபந்தனை: எங்கேயும் இடித்துத் தட்டி எடுத்திருக்கக்கூடாது. "ஒரு கீறல் பட்டதில்லன்னு எங்க மாமா அடிச்சுச் சொல்றாரு" என்று இவள் போனில் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர் வேண்டாமென்றால் வண்டி தெருவில்தான் நிற்கும்.

பழைய வண்டியின் உடம்பைப் பார்த்துச் சொல்வதில் வைகையின் இரு கரையிலும் எனக்கு நிகர் கிடையாது. நான் முறைத்தால் துரு தானாக உதிரும். ராஜநடையாகச் சுற்றி வந்தேன். பம்பரில் சில கரும்புள்ளிகள். கூரைத் துணியின் மடிப்பில் விரல் நீளக் கிழிசல். பின்பக்கப் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளடித்திருந்தது. கதவுக்கடியில் துரு இல்லை. எல்லாம் வயதுக்கோளாறு, குற்றம் சொல்ல முடியாது.

ஒப்புக்குத்தான் துணி சுற்றிய காந்தத்தை எடுத்தேன். முப்பது வருடத்தில் உன் வண்டியில் அதை வைத்ததேயில்லை. கட்டின பெண்டாட்டியிடம் ஆதார் அட்டை கேட்பார்களா? பானெட்டில் ஒட்டியது. கதவில் ஒட்டியது. வலது பின்சக்கரத்துக்கு மேலே வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. ஒரு தாம்பாள அகலத்துக்குப் பெயிண்டுக்கு அடியில் கனமாகப் பட்டி, மாப்ள; இடிபட்ட பள்ளத்தை அடைத்துப் பூசியது.

காது அடைத்துவிட்டது. திருமங்கலம் ரோட்டில் ஓடிய பஸ் அத்தனையும் அப்படியே நின்றுவிட்டன. என்னிடமே மறைத்தாயா?

உன் வண்டிக்கு வழக்கமாகப் பெயிண்ட் அடிக்கும் அவனியாபுரத்து அண்ணனைப் போனில் பிடித்தேன்.

"ஏண்ணே, இந்த வண்டி எப்ப அடிபட்டுச்சு?"

"இம்புட்டு நாளா தெரியாதாக்கும்? நீங்க இடிச்சதுதாண்ணே. உங்க பொண்ணு காதுகுத்துல, மண்டபத் தூணுல. உங்க காதுக்குப் போச்சுன்னா அப்பறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்னுட்டுத்தான் வண்டிய விட்டுட்டுப் போனாரு."

போனை வைத்துவிட்டு அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன்.

தாய்மாமன் சீரோடு நீ வந்த நாள். கூரையை மடக்கி, உன்னை மாலையோடு பின்பக்கத்து மேட்டில் உட்கார வைத்து, ஊர் பார்க்க நான்தான் ஓட்டுவேன் என்று சாவியைப் பிடுங்கினேன். மண்டப வாசலில் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தேன். கொட்டுமேளத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நீ இறங்கினாய். கழுத்து மாலையைக் கழற்றி, வலது பின்சக்கரத்துக்கு மேலே வண்டியின் இடுப்பில் தொங்கவிட்டாய்.

"என்ன மாப்ள, வண்டிக்கா மொத மரியாத?" என்று வாசல் மைக்கைப் பிடித்துக் கேட்டேன். கூட்டம் சிரித்தது.

"அதுவுந்தான மச்சான் சீரு சொமந்து வந்துச்சு" என்றாய்.

சீர் வண்டி வாசலிலேயே இடிபட்டது என்று தெரிந்திருந்தால் என் பங்காளிகள் அந்த நாளையே நாறடித்திருப்பார்கள். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அந்த மாலைக் கதையை நான் சொல்லாத விசேஷம் உண்டா? கூடவே, என் கை பட்டு அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்றும் சேர்த்துக்கொள்வேன். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாய்.

சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரர் வந்து இறங்கியதும், உன் மகள் வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். "வலது பின்பக்கம் பட்டி இருக்கு. இடிச்சது நான்."

"மாமா, நீங்களா?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் குத்தவைத்து, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"வேற எங்கயும் இடிச்சிருக்கீங்களாண்ணே?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றேன். இனி அதற்குமேல் அடித்துச் சொல்ல எனக்கு வாய் ஏது? அவர் சிரித்துவிட்டார். மறுநாள் லாரி கொண்டுவந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து என் வண்டியைப் பின்னால் எடுக்குமுன் இறங்கிப் போய்ப் பார்க்கிறேன். ஏறி உட்கார்ந்தபின் மனசு கேட்காமல் மறுபடியும் இறங்குகிறேன். பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்துதான்.