கறையான் தின்ற ரசீது

என் பிரியமுள்ள வக்கீல் அத்தானுக்கு,

நீங்கள் போய் ஐந்து வாரம் ஆகிறது. அக்கா நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நேரம் பாராமல் என்னைத் திட்டுகிறாள். அதனால் அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் கறுப்புக் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது போட்டுப் பார்த்தேன். என் தொப்பையைக் கண்டு பொத்தான் பின்வாங்கிவிட்டது.

செல்லத்துரையைப் பற்றிச் செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்குமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் இருந்திருந்தால், "லேய், வக்கீலக் கேக்காம ஒண்ணும் ஒத்துக்கிடாத" என்றிருப்பீர்கள்.

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் செல்லத்துரை. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து பிடித்து வாயைப் பொத்தினார் என்று வழக்கு. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நீலச் சட்டையும், சிரட்டையில் உறைந்து நாறும் ஒட்டுப்பாலின் வாடையும்தான் அடையாளம். போலீஸ் ஆளைப் பிடித்த அன்றே சுசீந்திரம் டீக்கடையில் நான் தீர்ப்பு வழங்கிவிட்டேன்: "அவனுக்க முழியப் பாத்தாலே தெரியும்." அந்த முழியை நான் பார்த்ததே இல்லை. நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதும்.

அந்த வழக்கை நீங்கள் எடுத்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். "இந்த மாதிரி கேஸெல்லாம் எதுக்கு அத்தான் எடுக்குதிய? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்ல வேண்டியத நீதான் டீக்கடையில சொல்லியாச்சே" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "அந்தப் பிள்ள பொய் சொல்லல்ல, மாப்ளே. அவளுக்கு நடந்தது நடந்ததுதான். அவள நோகடிக்குத மாதிரி ஒரு கேள்வி கோர்ட்ல நான் கேக்கமாட்டேன். செய்தது இவந்தானாண்ணுதான் கேப்பேன். அந்த வாடை குலசேகரத்துல பாதிப்பேரு மேல உண்டு."

"அப்போ இவன் செய்யல்லியா?"

"எனக்குத் தெரியாது. உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

ஜாமீன் கிடைத்தது. கிடைத்தும் ஆள் வெளியே வரவில்லை. சொந்த வீடு உள்ள இரண்டு பேர் வீட்டு வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய மாமனார் வந்தார். இன்னொரு கையெழுத்துக்கு ஆளில்லை. திருட்டு வழக்கென்றால்கூட யாராவது வருவார்கள். இதற்கு உடன்பிறந்த தம்பியே போனை அணைத்து வைத்துவிட்டான். கடைசியில் என்னிடம் கேட்டீர்கள்.

"ரசீதக் கறையான் தின்னுட்டு, அத்தான்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்பிடியா? சரி" என்றீர்கள். அந்த வாரமே, கோர்ட்டுக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழும்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் ஜூனியர் ஷீபா வழக்குக் கட்டுகளை எடுக்க வந்தாள். செல்லத்துரையின் கட்டுக்குள் ஒரு ஜாமீன் பத்திரம். என் பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போடுமிடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பின்னால் என் வீட்டு வரி ரசீதின் நகல். குடிநீர் இணைப்புக்கு மனு எழுத நானே உங்களிடம் கொடுத்து மறந்தது.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். "லேய், கறையான் உனக்க வெக்கத்தயும் சேத்துத் தின்னுட்டா?"

தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அத்தான்? மறுநாளே வந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா?

அசல் ரசீது பீரோவில், கறையான் மூச்சுக்கூடப் படாமல் இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று நீதிபதி கேட்டார். என் வாய்க்கு நாலு வேடிக்கைப் பதில் வந்தது. நாலையும் விழுங்கினேன்.

"உறவில்ல, ஐயா. எங்க அத்தானுக்க கட்சிக்காரரு."

"ஆள் ஓடிப்போனால் நீங்கள்தான் பொறுப்பு. தெரியும்தானே?"

"தெரியும், ஐயா."

செல்லத்துரை ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். "மச்சினன் வருவாரு, கொஞ்சம் பிந்தும்ணு சார் அண்ணைக்கே சொன்னாரு."

ஒரு மாதம், அத்தான். அதுவா கொஞ்சம்?

மறுநாள் டீக்கடையில் கேட்டார்கள்: "என்ன வே, நீரா அவனுக்கு ஜாமீன்? முழியப் பாத்தாலே தெரியும்னீரே?"

"இப்பத்தான் வே பாத்தேன். ஒண்ணும் தெரியல்ல."

யாரும் சிரிக்கவில்லை. என் தொழிலில் அது பெரிய நஷ்டம்.

வழக்கு இன்னும் நடக்க வேண்டும். ஷீபா வாதாடுவாள், நீங்கள் சொன்ன அதே வரம்புக்குள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் செல்லத்துரையோடு நான் போவேன். அந்தப் பெண்ணைப் பற்றியோ அவரைப் பற்றியோ எந்தக் கடையிலும் என் வாய் தீர்ப்புச் சொல்லாது. இது சத்தியம். பென்சில் குறி போட்ட இடத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கொஞ்சம் பிந்தி வந்த,
உங்கள் மச்சினன்