மணல் மூட்டை வைப்பு விழா

12 நவம்பர் 1973, நல்லம்பள்ளி

இடது இறக்கையின் மேல்தோலை இன்று அச்சிலிருந்து பிரித்தோம். பட்டறையில் வேலை செய்யும் காவேரியும் நஞ்சம்மாளும் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் பசை பூசி, உருளை ஓட்டி உருவாக்கியது. ஒரு கொப்புளம்கூட இல்லை. பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் இருந்த வருஷங்களெல்லாம் அலுமினியத் தகட்டோடு மல்லுக்கட்டிய எனக்கு இதைத் தடவிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. அங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் உதவி மேலாளர் ஆகியிருப்பேன். என் மனைவி லூர்தம்மாள் இதைத் தினம் ஒருமுறை சொல்லிவிடுகிறாள்.

முதலாளி தீர்த்தகிரி வந்தார். லாரிக்குப் பாடி கட்டிச் சம்பாதித்தவர். இப்போது விமானம் கட்டும் ஆசை. இறக்கையை ரெண்டு தட்டு தட்டினார்.

"எல்லாம் சரிங்க மதலைமுத்து சார். ஹாரன் எங்க வருதுங்க?"

விமானத்துக்கு ஹாரன் கிடையாது என்றேன். மனிதர் மதியம் வரை சோகமாக இருந்தார்.

3 டிசம்பர்

கையெல்லாம் அரிப்பு. கண்ணாடித் தூள். குளித்தும் போகவில்லை.

21 டிசம்பர்

இறக்கையின் மேல்பக்கம் முதலாளியின் பெயரை ஆள் உயர எழுத்தில் எழுதியாயிற்று. வானத்தில் போகும்போது அதை யார் படிப்பது? பருந்துதான் படிக்க வேண்டும். கேட்கவில்லை. பெயிண்டும் கனம்தான். அதையும் சொல்லவில்லை.

9 ஜனவரி 1974

ஓசூரிலிருந்து முனிராஜ் வந்தார். ராணுவத்தில் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் விமானத்தை முதலில் ஓட்டப்போகிறவர். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சென்னாகிதே சார், நல்லாயிருக்கு. ஆனா மணல் மூட்டை ஏத்திப் பாக்காத இறக்கையை நம்பி நான் ஏற மாட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

நியாயம். பறக்கும்போது காற்று இறக்கையைக் கீழிருந்து மேலே தள்ளும். அதனால் இறக்கையைக் குப்புறப் போட்டு, மேலே மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்ப்பது வழக்கம். நாற்பது மூட்டை தாங்கினால் போதும்.

முதலாளியிடம் சொன்னேன்.

"ஒடஞ்சு போச்சுன்னா? பிப்ரவரியில அமைச்சர் வந்து கொடி ஆட்டறாரு, விமானம் பறக்குது. பத்திரிகை அடிச்சாச்சுங்க. விழா முடியட்டும், அப்புறமா ஏத்திப் பாருங்க."

"பறந்ததுக்கு அப்புறம் சோதனை எதுக்குங்க?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன், வேண்டாம்னு."

பறப்பதற்கு டெல்லி அனுமதி இன்னும் வரவில்லையே என்றேன். விழாவுக்கு அவர்களையும் அழைத்திருப்பதாகச் சொன்னார்.

13 ஜனவரி

ஞாயிறு பூசையில் மனசு நிற்கவில்லை. முனிராஜ் ஏறாவிட்டால் முதலாளி வேறு ஆளைப் பிடிப்பார். நாலு காசு கூடக் கொடுத்தால் எவனாவது வருவான். இறக்கை ஒடிஞ்சா? அவன் செத்தா? நான் வரைஞ்ச இறக்கை. நான் கணக்குப் போட்டது. கணக்கு சரிதான். சரிதானா? எத்தனை தடவைதான் போட்டுப் பாக்கறது!

16 ஜனவரி

லூர்து இன்று சொன்னது: "உங்க மொதலாளிகிட்ட வேண்டாம்னு சொன்னா காதுலயே ஏறாது. அதையே விழான்னு சொல்லிப் பாருங்க."

17 ஜனவரி

சொன்னேன். அமைச்சர் கையால் முதல் மணல் மூட்டை. பறப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடிக்கல் நாட்டற மாதிரிங்களா?"

"அதே மாதிரிதானுங்க."

"ரெண்டாவது மூட்டை?"

"நீங்கதான்."

பத்திரிகையை மாற்றி அடிக்க ஆள் போயிற்று. இறக்கை குப்புறக் கிடந்தால் பெயர் தெரியாதே என்று அடிப்பக்கமும் எழுதச் சொல்லிவிட்டார்.

10 பிப்ரவரி

எங்கிருந்து தொடங்குவது?

பட்டறை வாசலில் பந்தல், ஒலிபெருக்கி. இறக்கை குப்புறக் கிடந்தது. அமைச்சரின் மூட்டை பட்டுத் துணியில் தைத்தது. அதற்கு ஒரு மாலை. அவர் வைத்தார். முதலாளி வைத்தார். பஞ்சாயத்து யூனியன் சேர்மனும் முன்னாள் சேர்மனும் யார் முன்னே என்று முறைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்து வைத்தார்கள். போட்டோகிராபர் இறக்கையின் நுனிப்பக்கம் நின்றதால் எல்லோரும் நுனியிலேயே வைக்கப் பார்த்தார்கள். நான் பின்னாலேயே ஓடி ஓடி நகர்த்தினேன்.

நாற்பதாவது மூட்டை. இறக்கை வில்லாக வளைந்தது. சத்தமில்லை. முனிராஜ் அடிப்பகுதியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தாங்கிவிட்டது!

"போதுமுங்க!" என்று கத்தினேன்.

"எப்படிப் போதும்? இண்டூர் மாரப்பன் இன்னும் வெக்கலீங்க!" என்றார் முதலாளி.

மாரப்பன் வைத்தார். சினிமா கொட்டகைக்காரர் வைத்தார். அவருடைய சம்பந்தி வைத்தார். வரிசை தேநீர்க் கடைவரை நின்றது. யாரையும் திருப்பி அனுப்பினால் பகை. அறுபதைத் தாண்டியதும் துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். இறக்கை இரண்டாக ஒடிந்து விழுந்தது.

அமைச்சர் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். இவ்வளவு கம்பீரமாக உடையும் இறக்கையை வேறெந்த மாவட்டத்திலும் தாம் கண்டதில்லை என்று பேசிவிட்டுக் காரில் ஏறினார்.

12 பிப்ரவரி

முதலாளி பட்டறையில் ஒடிந்த துண்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மானம் போச்சுங்க. நான் லாரியே கட்டிக்கறேன்."

தேவையான சுமையைப்போல ஒன்றரை மடங்கு தாங்கியது என்று விளக்கினேன். உடைந்ததை எப்படி வெற்றி என்கிறீர்கள் என்பதுபோலப் பார்த்தார். அப்போது முனிராஜ் உள்ளே வந்தார்.

"அடுத்த இறக்கை எப்ப ரெடியாகும்? நான் ஏறறேன்."

"நெசமாவாங்க?"

"இந்த ஜில்லாவோட பெரிய மனுஷங்க அத்தனை பேரையும் தாங்குச்சு. என்னைத் தாங்காதா?"

முதலாளி எழுந்து முகம் கழுவப் போனார். ரெசின் வாங்கச் சொல்லிவிட்டார்.

13 பிப்ரவரி

நஞ்சம்மாளுக்குத்தான் கோபம் தணியவில்லை. "ஒடைக்கறதுக்குன்னு மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ வழவழன்னு செஞ்சிருப்பமாங்க?"

28 ஏப்ரல்

புது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் நாற்பது நாற்பது மூட்டை ஏற்றி இறக்கினோம். பட்டறை ஆட்கள் மட்டும். கதவைச் சாத்திவிட்டோம்.

9 மே

டெல்லி அனுமதி வந்தது.

19 மே

இண்டூர்ப் பக்கம் காய்ந்த ஏரி. யாருக்கும் சொல்லவில்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார்.

முனிராஜ் கிளப்பினார். புழுதி. விமானம் குதித்து, குதித்து, பிறகு குதிக்கவில்லை.

பார்த்தால் முதலாளி அந்தப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறார்.

"இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"எங்க?"

"மேல."

கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பிப் பார்த்தார். காவேரி, "அம்மாடி, அவ்ளோ சின்னதா தெரியுது!" என்றாள்.

இறங்கியதும் முனிராஜ், இடப்பக்கம் லேசாக இழுக்கிறது என்றார். நாளைக்குப் பார்க்க வேண்டும்.