செல்லிக்கு வெட்டிய பள்ளம்

நெய்வேலி,
24.1.85

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் காந்திமதியும் சுகம். அக்கா சுகமா என்று கேட்க முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

பொங்கலுக்கு வந்த நீங்கள் எங்கள் சுரங்கத் தொழிலாளர் மன்றத்துப் பூங்காவைப் பார்த்துவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல் அக்காவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள். கரடி செல்லி கூண்டை விட்டு வெளியே வரும்வரை என் வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டீர்கள். எனக்கும் கோபம்தான். ஒரு கரடிக்காக மச்சினனை உதறுவார்களா என்று காந்திமதியிடம் ஒரு வாரம் புலம்பித் தீர்த்தேன்.

ஆனால் உங்கள் சொல் மனதை விட்டுப் போகவில்லை. செல்லி இப்படியும் அப்படியும் தலையை ஆட்டுவதைப் பார்த்துச் சனம் கைதட்டும். 'ஆடும் கரடி' என்று போர்டு எழுதி மாட்டியவனே நான்தான். அது ஆட்டமில்லை, அடைந்து கிடக்கிற வேதனை என்றீர்கள். நேற்று ஷிப்ட் முடிந்து, கூட்டமில்லாத நேரமாகப் போய்ப் பார்த்தேன். எதிரே யாருமே இல்லை. அப்போதும் ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். போர்டைக் கழற்றிவிட்டேன்.

மன்றத்துக்குச் செயலாளர் நான். மிருகக்காட்சி சாலையில் இருபது வருஷம் கரடி பார்த்த நீங்கள் வழி சொன்னால் செய்கிறேன்.

உங்கள் மைத்துனன்,
சங்கரலிங்கம்


சென்னை,
6.2.85

மாப்பிள்ளை சங்கரலிங்கத்துக்கு,

அக்கா சுகம். உன் கடிதத்தை இரண்டு தரம் எனக்கு வாசித்துக் காட்டினாள். அதனால் என் கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளாதே.

கம்பியே வேண்டாம். வண்டலூரில் வரப்போகிற புதுப் பூங்காவில் அப்படித்தான். தாராளமாக இடம் விட்டு, சுற்றிலும் இரண்டாள் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டு. நடுவில் மரம், கறையான் புற்று, யார் கண்ணிலும் படாமல் படுக்க ஒரு நிழல். பார்க்க வருகிறவர்களை ஒரே பக்கத்தில் நிறுத்து. நாலு பக்கமும் நின்று கத்தினால் செல்லி எங்கே போவாள்? கடலை வீச விடாதே. மற்றபடி, பள்ளம் வெட்டுவதற்கு நெய்வேலிக்காரனுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

துரைராஜ்


நெய்வேலி,
12.6.85

அன்புள்ள அத்தானுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லிக்கும் ஒன்றுமில்லை, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

நாலு மாதமாக லீவு நாளெல்லாம் சுரங்கத்து ஆட்கள் முப்பது பேர் சேர்ந்து பள்ளம் வெட்டினோம். ஞாயிற்றுக்கிழமை செல்லியைத் திறந்துவிட்டோம். நேற்றுக் காலை அவள் பள்ளத்தில் இறங்கி, எதிர்க்கரையில் ஏறி, வெளியே போய்விட்டாள்.

ஏறப் படி அமைத்துக் கொடுத்ததே நான்தான், அத்தான். சுரங்கத்தில் மண்ணை நேராக வெட்டினால் சரிந்து ஆளை மூடிவிடும். அதனால் படிப்படியாகத்தான் இறக்குவோம். பதினெட்டு வருஷப் பழக்கம். இங்கேயும் அப்படியே வெட்டிவிட்டு, என்ன அழகு என்று எங்களுக்குள் மெச்சிக்கொண்டோம்.

பூங்கா பெருக்குகிற வள்ளியம்மாள் வீட்டுப் பின்புறம் செல்லி பலாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். வள்ளியம்மாள்தான் ஓடிவந்து, "அது பாட்டுக்குத் தின்னுகினு இருக்குதுங்க, யாரும் கூச்சல் போடாம வாங்க" என்றாள். வழியெல்லாம் சுளை போட்டுப் பழைய கூண்டுக்கே கூட்டிவந்தோம். உள்ளே போனதும் மறுபடி தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டம். பள்ளத்தை மூடிவிட்டுக் கூண்டே போதும் என்று தீர்மானம் போடப்போகிறார்கள். எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. அவளையும் வெளியே விட முடியவில்லை, உங்களையும் வரவழைக்க முடியவில்லை.

சங்கரலிங்கம்


சென்னை,
14.6.85

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தப்பு என்னுடையது. வெளிப்பக்கம் செங்குத்தாக நிற்க வேண்டும், கல் கட்டி வழவழவென்று பூச வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. எனக்குத் தெரிந்தது உனக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிட்டேன். பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று பெரிய மனுஷத்தனம் வேறு.

பள்ளத்தை மூடாதே. உள்பக்கம் உன் படிகள் அப்படியே இருக்கட்டும், இறங்கினால் ஏறிக்கொள்வாள். வெளிப்பக்கம் மட்டும் சுவர் எழுப்பினால் போதும்.

நாளை மதியம் அக்காவோடு வருகிறேன். கடிதம் முந்துகிறதோ, நான் முந்துகிறேனோ. செல்லி இன்னும் கூண்டில்தான் இருக்கிறாள், தெரியும். வீம்புக்கு உன் அக்காவை ஐந்து மாதம் தம்பி முகம் பார்க்க விடாமல் வைத்திருந்தேனே, அது அதைவிடப் பெரிய தப்பு. கூட்டத்தில் நானே பேசுகிறேன்.

துரைராஜ்


நெய்வேலி,
2.9.85

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

அன்று கூட்டத்தில் நீங்கள் கேட்டு வாங்கிய மூன்று மாதத் தவணைக்குள் சுவர் முடிந்தது. செல்லி வெளியே வந்து பத்து நாளாகிறது. தலையாட்டம் முழுதும் நிற்கவில்லை, சாயங்காலம் கொஞ்ச நேரம் உண்டு. ஆனால் பகலெல்லாம் புற்றைக் கிளறவும் மரமேறவும் நேரம் சரியாக இருக்கிறது அவளுக்கு.

நேற்றுக் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அவள் நிழலில் மறைந்து படுத்திருந்தாள். கரடியைக் காணோமே என்று அந்த மனிதர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். தூங்குகிறாள் என்றேன். அவர் மனைவிதான், "தூங்கட்டுங்க. எழுந்திருக்கிற வரைக்கும் உக்காந்துகினு இருக்கோம்" என்றார்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், அத்தான். அவள் எழுந்து வந்து புற்றைக் கிளறினாள். யாரும் கைதட்டவில்லை, எதையும் வீசவில்லை. அவர்கள் போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மனசு லேசாகிவிட்டது.

உங்கள்,
சங்கரலிங்கம்